31 வயதில் கடற்படைத் தலைவர்: நாம் மறந்துபோன தனபாலசிங்கம்

ராஜேந்திர சோழன் கடல் கடந்து வந்து கடாரத்தை வென்றது 1025-ஆம் ஆண்டு வாக்கில். இது நம் பிள்ளைகளுக்குத் தெரியும். தமிழ்ப்பள்ளி பேச்சுப் போட்டிகளில் ஆண்டுதோறும் ஒருவராவது மேடையேறிச் சொல்லிவிடுவார். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய இந்தக் கதையைக் கேட்டுக் கைதட்டுகிறோம். ஆனால், இதே மலேசியாவின் கடற்படைக்குத் தலைமை தாங்கிய முதல் உள்நாட்டவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். பெரியவர்களே கொஞ்சம் யோசிப்பார்கள்.

அவர் ஒரு தமிழர். தான் ஸ்ரீ கே. தனபாலசிங்கம். 1967 டிசம்பர் 1-ஆம் தேதி அரச மலேசியக் கடற்படையின் தலைவராகப் பொறுப்பேற்றார். அப்போது அவருக்கு வயது 31.

இன்று 31 வயது என்றால் வீட்டுக் கடனுக்கு வங்கி ஏறி இறங்கும் வயது. வேலையில் ஒரு பதவி உயர்வு வருமா என்று பார்த்திருக்கும் வயது. அந்த வயதில் ஒருவர் கையில் ஒரு நாட்டின் கப்பல்கள், மாலுமிகள், கடல் எல்லை எல்லாம் ஒப்படைக்கப்பட்டன. அது எப்படி நடந்தது? அதில் இன்றைய நம் பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

ஒரு பெண் கேட்ட கேள்வி

நான் பிறந்து வளர்ந்தது நெகிரி செம்பிலானில், சுவா பக்கத்துத் தோட்டம் ஒன்றில். ரப்பர் மரத்தை வெட்டிச் செம்பனை நட்ட காலத்துப் பிள்ளை நான். எங்கள் பக்கத்துக்காரர்களுக்குக் கடல் தூரமில்லை. போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் பேருந்தில் போய் வந்துவிடலாம். தீபாவளிக்கு மறுநாள், பள்ளி விடுமுறை, கோயில் திருவிழா முடிந்த ஞாயிறு, எல்லாவற்றுக்கும் எங்களுக்குக் கடற்கரைதான். கரையில் உட்கார்ந்தால் மலாக்கா நீரிணையில் கப்பல்கள் வரிசையாகப் போவது தெரியும். ஆனால் அந்தக் கப்பலில் ஏறி வேலை செய்யலாம் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. கப்பல் என்றால் பார்ப்பதற்கு. அவ்வளவுதான்.

அண்மையில் அண்ணன் மகள் எஸ்.பி.எம். முடித்தாள். எல்லாரும் தாதிமைக்கு மனுப் போடு, கணக்கியல் படி என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருக்க, அவள் கடற்படைக்கு மனுப் போடப் போகிறேன் என்றாள். வீட்டில் பெரிய வாக்குவாதம். அண்ணிக்குக் கண்ணில் தண்ணீர். அண்ணனோ ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "அதெல்லாம் நம்ம ஆளுங்களுக்குச் சரிப்பட்டு வராது."

அவள் என்னிடம் வந்து கேட்டாள். "சித்தப்பா, நம்ம ஆளுங்க யாருமே அங்க இருந்ததில்லையா?"

அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

விக்டோரியா முதல் டார்ட்மவுத் வரை

தனபாலசிங்கம் 1936-இல் கோலாலம்பூரில் பிறந்தவர். யாழ்ப்பாணத் தமிழ் வழி வந்தவர். படித்தது 1893-இல் தொடங்கப்பட்ட புகழ்பெற்ற விக்டோரியா கல்விக்கூடத்தில். 1955-இல், மலாயா இன்னும் சுதந்திரம் பெறாத நேரத்தில், கடற்படை அதிகாரிப் பயிற்சிக்குத் தேர்வு செய்யப்பட்டார். அப்படித் தேர்வான முதல் மலாயாக்காரர்களில் முன்னோடி அவர். அப்போது அவருக்கு 19 வயது.

பயிற்சிக்கு அனுப்பப்பட்ட இடம் இங்கிலாந்தின் டார்ட்மவுத். பிரிட்டிஷ் அரச கடற்படையின் அதிகாரிகளை உருவாக்கும் கல்லூரி அது. எலிசபெத் ராணியாரின் கணவர் இளவரசர் பிலிப் பயின்றதும் அங்கேதான். அங்கே சேர்பவர்களுக்கு வகுப்பறைப் பாடத்தோடு கடலும் பாடம். கப்பலைத் திசை பார்த்துச் செலுத்துவது, பீரங்கி, இயந்திரம், சமிக்ஞை, ஆட்களை நடத்துவது என்று ஒவ்வொன்றையும் கையால் செய்து கற்க வேண்டும்.

அன்றைய நம் கடற்படையின் நிலையையும் சொல்ல வேண்டும். 1934-இல் நீரிணைக் குடியேற்றங்களின் தொண்டர் கடற்படையாகத் தொடங்கிய அமைப்பு அது. போருக்குப் பின் கலைக்கப்பட்டு மறுபடி உருவாக்கப்பட்டது. மலாயா சுதந்திரம் பெற்ற மறு ஆண்டு, 1958-இல்தான் கூட்டரசு அரசாங்கத்தின் கைக்கு வந்தது. கைக்கு வந்ததே தவிர, தலைமை வெள்ளைக்காரர்களிடமே இருந்தது. முதலில் பிரிட்டிஷ் அதிகாரிகள், பிறகு ஆஸ்திரேலியக் கடற்படையிலிருந்து இரவலாக வந்த அதிகாரிகள். அவர்களில் ஒருவரான ஆந்தனி சினோட் பின்னாளில் ஆஸ்திரேலிய இராணுவப் படைகள் அனைத்துக்கும் தலைவரானவர். அந்தத் தரத்து ஆட்கள் உட்கார்ந்த நாற்காலிதான் அது.

ஏன் அந்த வயதில்?

1967-இல் காற்று திசை மாறிவிட்டது. சூயஸ் கால்வாய்க்குக் கிழக்கே உள்ள படைகளைத் திரும்பப் பெறப்போவதாகப் பிரிட்டன் சொல்லத் தொடங்கியது. 1968 ஜனவரியில், 1971-க்குள் வெளியேறிவிடுவோம் என்று தேதியும் குறித்துவிட்டது. இந்தோனேசியாவுடனான மோதல் 1966-இல்தான் ஓய்ந்திருந்தது. 1965-இல் சிங்கப்பூர் பிரிந்து போயிருந்தது. இத்தனைக்கும் நடுவில், இனி நம் கடலை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிலை.

இரவல் தலைவர்களை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. அதே 1967 இறுதியில்தான் ஆகாயப்படைக்கும் முதல் மலேசியத் தலைவராகச் சுலைமான் சுஜாக் வந்தார். கடற்படையில் முழுமையாகப் பயிற்சி பெற்ற உள்நாட்டு அதிகாரிகள் இருந்ததே சில பேர். எல்லாரும் இளைஞர்கள். அவர்களில் முதலில் சேர்ந்தவர்களில் ஒருவர், பன்னிரண்டு ஆண்டு அனுபவம் உள்ளவர் தனபாலசிங்கம். அன்றைய அரசாங்கம் வயதைப் பார்க்கவில்லை, இனத்தையும் பார்க்கவில்லை. துணிந்து கொடுத்தது.

இதில் இன்னொரு சுவையான தகவல் உண்டு. அதே நேரத்தில் இலங்கைக் கடற்படையின் தளபதியாக இருந்தவரும் ஒரு தமிழர்தான்: ரஜன் கதிர்காமர். பின்னாளில் இலங்கை வெளியுறவு அமைச்சராக இருந்த லக்‌ஷ்மன் கதிர்காமரின் அண்ணன். 1960 முதல் 1970 வரை அவர் அந்தப் பதவியில் இருந்தார். ஆக, இரண்டு நாட்டுக் கடற்படைகளுக்கு ஒரே காலத்தில் தமிழர்கள் தலைமை தாங்கினார்கள். இந்தியாவில் அதற்கும் முன்பே, 1958-இல், செங்கல்பட்டில் பிறந்த ராம்தாஸ் கட்டாரி அந்நாட்டுக் கடற்படையின் முதல் இந்தியத் தலைவராகியிருந்தார். கடாரத்துக்குப் பிறகு நமக்குக் கடல் வரலாறே இல்லை என்று நினைப்பவர்கள் இதைக் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

சொந்த வீடு இல்லாத கடற்படை

பதவிக்கு வந்தவரின் முன்னால் இருந்த சிக்கல்கள் சாதாரணமானவை அல்ல.

முதல் சிக்கல் இடம். மலேசியக் கடற்படையின் முதன்மைத் தளம் இருந்தது சிங்கப்பூர் உட்லண்ட்ஸில். சிங்கப்பூர் மலேசியாவோடு இருந்தவரை அதில் பிரச்சினை இல்லை. 1965-க்குப் பிறகு நிலைமை என்ன? நம் கடற்படையின் வீடு இன்னொரு நாட்டில்! மாலுமிகள், பயிற்சிப் பள்ளி, பழுதுபார்க்கும் வசதி எல்லாம் அங்கே. நாட்டின் உள்ளேயே ஒரு தளம் வேண்டும் என்ற முடிவும், அதற்குப் பேராக்கின் லுமுட் என்ற தேர்வும் இவர் காலத்தில் உருப்பெற்றவை. இன்று பங்கோர் தீவுக்குப் படகேறப் போகிறவர்கள் லுமுட்டில் பார்க்கும் அந்தப் பெரிய கடற்படை நகரம் அப்படி வந்ததுதான். உட்லண்ட்ஸை நாம் முழுவதுமாகக் காலி செய்தது 1997-இல் என்றால், இந்த வேலை எவ்வளவு நீளமானது என்று பார்த்துக்கொள்ளுங்கள். விதை போட்டவர் அறுவடைக்கு இருக்க முடியாத வேலை.

இரண்டாவது, கப்பல். அன்று நம்மிடம் இருந்த பெரிய போர்க்கப்பல் ஹாங் துவா. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரிட்டனில் கட்டப்பட்டு, 1964-இல் நமக்கு வந்தது. மற்றவை பெரும்பாலும் சிறிய ரோந்துப் படகுகள். போர்க்கப்பல் வாங்குவது கார் வாங்குவது போல அல்ல. இன்று முன்பணம் கட்டினால் அடுத்த மாதம் சாவி கிடைக்காது. ரஹ்மாட் என்ற போர்க்கப்பலுக்கு 1966-இல் பிரிட்டனில் ஆர்டர் கொடுக்கப்பட்டது. அது சேவைக்கு வந்தது 1971-இல். அடுத்து பிரான்சின் ஷெர்பூர் கட்டுமானத் துறையிலிருந்து பெர்டானா வகையைச் சேர்ந்த நான்கு விரைவுத் தாக்குதல் கப்பல்கள் 1972 - 73 வாக்கில் வந்து சேர்ந்தன. எக்ஸோசெட் ஏவுகணை தாங்கியவை. பீரங்கிப் படகுக் காலத்திலிருந்து ஏவுகணைக் காலத்துக்கு நம் கடற்படை மாறியது இவருடைய தலைமையில்தான். கப்பல் வந்தால் போதுமா? அதை ஓட்டவும், ஏவுகணையைப் பராமரிக்கவும் ஆள் வேண்டும். அந்த ஆட்களை இங்கிருந்து தேர்ந்தெடுத்து உருவாக்க வேண்டும்.

மூன்றாவது, கடல் எல்லை. 1969-இல் மலேசியா தன் கடல் எல்லையை 12 கடல் மைல் என்று அறிவித்தது. ஏறத்தாழ 22 கிலோமீட்டர். எங்கள் போர்ட்டிக்சனுக்குத் தெற்கே தஞ்சோங் துவான் கலங்கரை விளக்கம் இருக்கிறதே, அங்கிருந்து சுமத்ரா பக்கத்து ரூபாட் தீவுக்கு 38 கிலோமீட்டர்தான். இந்தப் பக்கம் 22, அந்தப் பக்கம் 22 என்றால் நடுவில் பொதுக்கடல் என்று ஒரு முழம்கூட மிஞ்சாது. உலகத்தின் எண்ணெய்க் கப்பல்கள் எல்லாம் போகும் பாதை அது. 1970-இல் இந்தோனேசியாவுடன் எல்லை உடன்பாடு வந்தது. காகிதத்தில் கோடு போடுவது அரசாங்கம். ஆனால் அந்தக் கோட்டில் நின்று காவல் காப்பது கடற்படை.

1969 மே மாதக் கலவரம், அவசரகாலம், புதிய பொருளாதாரக் கொள்கை என்று நாடு முழுவதும் மாறிய ஆண்டுகள் அவை. அந்த ஆண்டுகள் முழுவதும் கடற்படைத் தலைவர் நாற்காலியில் இருந்தவர் தனபாலசிங்கம். ஒன்பது ஆண்டுகள். 1976 இறுதியில், ரியர் அட்மிரல் தகுதியோடு ஓய்வு பெற்றபோது அவருக்கு 40 வயது. பலருக்கு வாழ்க்கை அப்போதுதான் பிடிபடத் தொடங்கும். பொறுப்பை முகமட் ஜைன் முகமட் சாலேயிடம் ஒப்படைத்தார். பின்னாளில் நாடாளுமன்ற மேலவையிலும் உறுப்பினராக இருந்தார். அவருக்குப் பிறகு அந்த நாற்காலியில் இன்றுவரை வேறொரு தமிழர் அமரவில்லை.

அதே ஆண்டுகளில் நம் தோட்டங்கள்

இந்த இடத்தில் நிறுத்தினால் கேட்க இனிமையான சாதனைக் கதையாக முடிந்துவிடும். ஆனால் தோட்டத்தில் பிறந்தவன் என்ற முறையில் இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் இருக்க முடியாது.

தனபாலசிங்கம் கப்பல்களுக்குத் தலைமை தாங்கிய அதே காலத்தில்தான், குடியுரிமை இல்லாத தொழிலாளிகளுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானது. 1969-க்குப் பிறகு பல்லாயிரக்கணக்கான நம்மவர்கள் சிவப்பு அடையாளக் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, தோட்டத்தை விட்டு இந்தியாவுக்குத் திரும்பினார்கள். எங்கள் லயத்திலிருந்தும் குடும்பங்கள் போனதை அம்மா சொல்வார். தகரப் பெட்டியைக் கட்டி, வளர்த்த மாட்டைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டு, ரஜூலா கப்பலேறப் போனார்களாம். வரும்போதும் நம்மவர்கள் கப்பலின் மேல்தட்டில், திரும்பும்போதும் அதே மேல்தட்டில். ஒரு தமிழர் நாட்டின் போர்க்கப்பல்களுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். வேறு தமிழர்கள் அதே கடலில் மூட்டையோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

காரணம் என்ன? அறிவோ உழைப்போ அல்ல. ஆங்கிலப் பள்ளி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலை பார்த்தவர்கள். தோட்டத்திலோ கிராணியாக இருந்தவர்கள். பட்டணத்தில் குடியிருந்ததால் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்ப முடிந்தது. தோட்டத்துப் பிள்ளைக்கு 1955-இல் என்ன இருந்தது? தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்பு வரை. பல இடங்களில் ஒரே அறை, ஒரே ஆசிரியர். அது முடிந்ததும் பால்வாளி. கடற்படை அதிகாரியைத் தேடுகிறோம் என்ற விளம்பரம் ஆங்கிலப் பத்திரிகையில் வந்திருந்தால், அதை எங்கள் லயத்தில் வாசிக்கவே ஆள் இருந்திருக்காது.

இதைச் சொல்வது அவருடைய சாதனையைக் குறைப்பதற்காக அல்ல. கதவு திறந்தபோது உள்ளே நுழையும் தகுதியோடு நின்றார் என்பது அவருடைய பெருமை. நம்மில் பெரும்பாலோர் அந்தத் தெருவுக்கே போக முடியாத நிலையில் இருந்தோம் என்பது வரலாறு. இரண்டும் உண்மை.

வேடிக்கை என்னவென்றால், இராணுவம் எங்களுக்கு எட்டாத தூரத்திலும் இல்லை. மலாய்ப் படைப்பிரிவு 1933-இல் 25 இளைஞர்களோடு தொடங்கியது இதே போர்ட்டிக்சனில். எல்லா இனத்துப் பிள்ளைகளையும் சேர்த்து எதிர்கால அதிகாரிகளை உருவாக்க 1952-இல் தொடங்கப்பட்ட இராணுவக் கல்லூரியும் முதலில் இயங்கியது போர்ட்டிக்சனில்தான். 1961-இல்தான் சுங்கை பீசிக்கு மாறியது. எங்கள் தோட்டங்களிலிருந்து சைக்கிளில் போகும் தூரம்! பக்கத்தில் இருந்தும் எங்களுக்கும் அதற்கும் இடையில் இருந்தது ரப்பர்க் காடு மட்டுமல்ல.

இன்று கதவு எங்கே இருக்கிறது?

இன்று நிலைமை வேறு. தமிழ்ப்பள்ளியில் தொடங்கிய பிள்ளை படிவம் 5 வரை போவது சாதாரணம். எஸ்.பி.எம். சான்றிதழ் இருக்கிறது, மலாய் நன்றாகப் பேச வருகிறது, நீல அடையாளக் கார்டு இருக்கிறது. இருந்தும் ஆயுதப் படைகளில் இந்தியர்கள் மிகக் குறைவு என்பது நாடாளுமன்றத்தில் பலமுறை பேசப்பட்ட விஷயம்.

ஏன் என்று எங்கள் பக்கத்துப் பெற்றோர் சிலரிடம் கேட்டுப் பார்த்தேன். சம்பளம் குறைவு என்றார் ஒருவர். பிள்ளை தனியாக இருப்பான், சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்றார் இன்னொருவர். பதவி உயர்வு கிடைக்காது என்று பலர் சொன்னார்கள். இந்தக் கடைசிக் கவலையை நான் அலட்சியம் செய்யமாட்டேன். அது காரணமில்லாமல் வந்த பயம் அல்ல. பதில் சொல்ல வேண்டியவர்கள் மேலே இருக்கிறார்கள். ஆனால் மனுவே போடாதவனுக்குப் பதவி உயர்வு இல்லை என்று யாரிடம் போய் வழக்காடுவது? பத்துப் பேர் உள்ளே இருந்தால்தான் அதில் ஒருவர் மேலே வருவதைப் பற்றிப் பேசவே முடியும்.

விவரம் தெரியாத பெற்றோருக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடற்படையில் இரண்டு வழி உண்டு. ஒன்று மாலுமியாகச் சேர்வது. எஸ்.பி.எம். முடித்தவர்கள் மனுப் போடலாம். ஜொகூரின் தஞ்சோங் பெங்கேலேயில் உள்ள பயிற்சி மையத்தில் அடிப்படைப் பயிற்சி நடக்கும். இயந்திரம், மின்னியல், தொடர்பு, மருத்துவ உதவி, சமையல் என்று பல துறைகள் உண்டு. கையில் ஒரு தொழிலும் சேர்ந்து வரும். இன்னொன்று அதிகாரியாகச் சேர்வது. சுங்கை பீசியில் உள்ள தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகத்தில் படித்துப் போகலாம். பட்டம் பெற்ற பிறகும் மனுச் செய்யலாம். பெண்களும் சேரலாம். உயரம், எடை, கண்பார்வை, உடற்பயிற்சித் தேர்வு எல்லாம் உண்டு. வயது வரம்பும் பாடத் தகுதியும் ஒவ்வோர் ஆள்சேர்ப்பு அறிவிப்பிலும் வரும். அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் இன்றே ஓடத் தொடங்குங்கள், நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள். கடற்கரை பக்கத்திலேயே இருந்தும் நீந்தத் தெரியாத தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர்!

அண்ணன் மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். தனபாலசிங்கம் கதையை அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். "முப்பத்தோரு வயசுலயா?" என்று இரண்டு முறை கேட்டார். சம்மதம் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் மனுவில் தந்தையின் கையெழுத்து வேண்டிய இடத்தில் போட்டுக் கொடுத்துவிட்டார். அண்ணி இன்னும் முழுதாக மனம் மாறவில்லை. அழைப்பு வருகிறதா என்று பார்த்திருக்கிறோம். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

ஆனால் ஒன்றை நாம் இப்போதே செய்யலாம். நம் தமிழ்ப்பள்ளிச் சுவர்களில் எத்தனையோ தலைவர்களின் படங்கள் தொங்குகின்றன. அவற்றின் பக்கத்தில் வெள்ளைச் சீருடையில் தனபாலசிங்கம் படமும் ஒன்று இருக்கட்டும். கீழே "அரச மலேசியக் கடற்படையின் முதல் மலேசியத் தலைவர், 1967" என்று எழுதி வைப்போம். அடுத்த முறை ஒரு பிள்ளை "நம்ம ஆளுங்க யாருமே அங்க இருந்ததில்லையா?" என்று கேட்கும் அவசியம் இருக்கக்கூடாது.